தானாக விரியும் பக்கம்

மேடையில் வீற்றிருக்கும் கல்வித் துறை இயக்குநர் அவர்களே, அதிகாரிகளே, வகுப்பை முடித்துவிட்டு ஓடிவந்து பின்வரிசையில் மூச்சு வாங்கும் ஆசிரியத் தோழர்களே, முன்வரிசையில் தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கும் அம்மையாரின் அருமை மகனே! துக்கத்தோடு வணங்குகிறேன். கொஞ்சம் சந்தேகத்தோடும் நிற்கிறேன்.

ஏன் சந்தேகம்? என் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். மறைந்த நம் பள்ளி ஆய்வாளர் அம்மையாரின் படம் உள்ளங்கை அளவு. அவர் பெயரில் வரப்போகும் 'முதலிடப் பள்ளி விருதுத் திட்டம்' மட்டும் ஆளுயரம்! இது அஞ்சலிக் கூட்டமா, திட்டத் தொடக்க விழாவா?

'சந்தேக மேடம்' என்றுதான் நாம் அவரை அழைத்தோம், அதுவும் முதுகுக்குப் பின்னால்தான். வகுப்புக்குள் வந்தால் சுவரில் ஒட்டிய வண்ண அட்டைகளை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். ஒரு பிள்ளையின் பாடப்புத்தகத்தை வாங்குவார். அதன் தைத்த முதுகு மேசையில் படும்படி நிறுத்திக் கையை எடுத்துவிடுவார். அது தானாக விரியும். விரிகிற பக்கம்தான் ஆய்வுக்கென்று வாசித்து வாசித்துத் தேய்ந்த பக்கம். "இத விட்டுட்டு அடுத்த பக்கம் படிம்மா" என்பார். பிள்ளைக்கு எழுத்துக் கூட்டக்கூட வராது!

நான் அப்போது வேலை பார்த்த பள்ளியில், மூன்றாம் வகுப்பு டீச்சர் இப்படி அகப்பட்ட அன்று அழுதே விட்டார். "மார்க் வந்தாத்தான் ஸ்கூலுக்கு விருதுன்னாங்க மேடம். ஒரு பக்கமாவது உருப்படியா வரட்டும்னுதான்..." அம்மையார் திட்டினாரா? மேலிடத்துக்குப் போட்டுக்கொடுத்தாரா? "அழாதீங்க டீச்சர். மார்க் கேட்டாங்க, மார்க் குடுத்தீங்க. படிப்ப யாரு கேட்டா?" என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அந்தப் பருவம் முழுவதும் வந்துகொண்டே இருந்தார். பாடத்தைப் பாதியாகக் குறைத்தார். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளுக்கு எங்கிருந்து தொடங்குவது என்று டீச்சரோடு சேர்ந்து நடத்திக் காட்டினார். பிறகு அந்த வகுப்புப் புத்தகங்கள் எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் விரிந்தன.

அதிலிருந்து பிறந்ததுதான் எங்கள் துணையாசிரியர் குழு. ஆசிரியரை வேவு பார்க்க அல்ல, வகுப்புக்குள் அவர் பக்கத்தில் நிற்க! ஒரு வட்டாரத்தில் சரிவந்த பிறகே அடுத்த வட்டாரம் என்று அம்மையார் பிடிவாதம் பிடித்தார். ஆமை வேகம் என்றது மேலிடம். சரி, அவர்களுடைய முயல் வேகம் என்ன செய்தது? கைக்கணினி வந்தது, பெட்டி பிரிக்காமலே பழசானது. தரவரிசை வந்தது, தடுமாறும் பிள்ளைகளைத் தேர்வு நாளில் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். ஆண்டுக்கொரு திட்டம், திட்டத்துக்கொரு செயலி! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவியதா?

இப்போது ஒரு செய்தி காதில் விழுகிறது. நாளை முதல் துணையாசிரியர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து, விருதுக்கான மதிப்பெண்களைக் கணினியில் ஏற்ற வேண்டுமாம். அப்படியானால் வகுப்புக்கு யார் போவது? அம்மையார் இருந்தவரை இந்தக் குழுவைக் கலைக்க முடியவில்லை. அவர் பெயரை வைத்தே கலைத்துவிடலாம் என்று யோசனையோ? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்! உங்களைச் சொல்லவில்லை இயக்குநர் ஐயா, பொதுவாகச் சொன்னேன்.

வாசலில் அம்மையாரின் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "சார், அம்மா பேர வைக்கச் சம்மதம் கேக்குறாங்க. பெருமைதானேங்கிறாங்க. நான் என்ன பண்ணட்டும்?" தம்பி, இந்த அவையிலேயே சொல்கிறேன். கொடுக்காதீர்கள். எந்த மாதிரி விருதைக் கண்டு அந்த டீச்சர் நடுங்கினாரோ, அதே மாதிரி விருதின் தலையில் உங்கள் அம்மாவின் பெயரா?

தோழர்களே, எழுந்து நின்று மௌனம் காத்தால் போதுமா? நாளைக் காலை அலுவலகத்தில் எங்கள் நாற்காலிகள் காலியாக இருக்கும். இயக்குநர் அவர்களே, விளக்கம் கேட்க வேண்டுமானால் பள்ளிகளுக்கே வாருங்கள். கடைசி பெஞ்சில் இருப்போம். வந்தவுடன் எங்களைத் திட்ட வேண்டாம். முதலில் ஒரு புத்தகத்தை வாங்கி, மேசையில் நிறுத்தி, கையை எடுத்துப் பாருங்கள்.