வேலிக்குத் தண்ணி

— நாந்தான்க்கா கொன்னேன். சும்மா குளிர், குளிர்னு சொல்லி என்னைத் தப்பிக்க விடாதீங்க.

— முதல்ல அந்தக் கத்தரிக்கோலைக் கீழ வை. வேலிச்செடி பட்டுப்போனதுக்கு நீ என்ன பண்ணுவே?

— உங்க வீட்டுக்காரர் பெரியவர் ஆஸ்பத்திரில கிடந்தாரே, மரமெல்லாம் இலை கொட்ட ஆரம்பிச்ச சமயம், அப்ப எங்க பக்கம் கன்னாபின்னான்னு வளர்ந்து கிடந்துச்சு. மனசு கேக்கலை. ஒட்ட வெட்டிவிட்டு, ரெண்டு கை உரமும் அள்ளிப் போட்டேன். சத்தியமா நல்லதுன்னு நெனைச்சுத்தான் போட்டேன்.

— இலை கொட்டற சமயத்துல உரமா?

— மளமளன்னு துளிர்த்துச்சு. என் கை ராசின்னு பூரிச்சுப்போயிட்டேன். முதல் உறைபனி விழுந்த காலைல பாத்தா, அத்தனை துளிரும் வெந்த கீரை மாதிரி கருத்துத் தொங்குது.

— குளிருக்கு முன்னாடி அது வளர்றதை நிறுத்திக்கணும். தண்டு முத்தணும், இலை தடிக்கணும். அந்த நேரத்துல உரம் போடறது, தூங்கப்போற பிள்ளையை எழுப்பி ஆடவிடற மாதிரின்னு அவர் சொல்லுவார். செடி வளக்கற நர்சரில வேலை பாத்த மனுஷன், சாப்பிட உக்காந்தாலும் இதே பேச்சுத்தான்.

— அப்ப நாந்தானே?

— கேளு. துளிர் கருகினா நுனிதான் போகும். இது அடியிலேர்ந்து போயிருக்கு. குச்சியை ஒடிச்சுப் பாரு, உள்ள ஒரு பொட்டுப் பச்சை இல்லை.

— பின்ன?

— என்னத்தச் சொல்ல. இத்தனை வருஷம் கழிச்சு உன்கிட்ட வாய் திறக்கறேன், திறந்ததும் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கு.

— நாம பேசாம இருந்ததுக்கு நாமளாக்கா காரணம்? மாமனார் செத்த அன்னிக்கு இவர் பஸ்ஸைக் கோட்டை விட்டுட்டு, எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து நின்னாரு. பெரியவர் கூடப்பிறந்தவருன்னுகூடப் பாக்காம, இனி உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னுட்டாரு. மறுவாரமே ரெண்டு வீட்டுக்கும் நடுவுல வேலி.

— அதுவும் இலை கொட்டாத செடியாத் தேடிப் பிடிச்சு. குளிர் காலத்துலகூட உங்க வீடு கண்ணுல படக் கூடாதாம்.

— இந்தப் பக்கம் நின்னு குழி தோண்டற சத்தத்தையே கேட்டுக்கிட்டு இருந்தாரு இவர். அன்னிக்கு ஒரு வாய் சாப்பிடலை.

— கேளு, சொல்லிடறேன். இலை கொட்டாத செடிக்குக் குளிர்லயும் தாகம் விடாது. இலை காத்துக்குத் தண்ணியை விட்டுக்கிட்டே இருக்கும். மண்ணு உறைஞ்சு கல்லாயிட்டா வேரால ஒரு சொட்டு உறிஞ்ச முடியாது. அதுக்கு முன்னாடியே வயிறு முட்டக் குடிக்க வைக்கணும். வேர்மேல சருகு பரப்பணும், காத்தடிக்கிற பக்கம் கோணி கட்டணும். வருஷா வருஷம் அவர் செய்வார். இந்த வருஷம் நான் செஞ்சிருக்கணும்.

— படுத்துக் கிடக்கறவரைப் பாப்பீங்களா, செடியைப் பாப்பீங்களா?

— அந்தச் சாக்கெல்லாம் வேணாம். குழாய் வாசல்லயே இருக்கு. முதல்ல அசதிதான். அப்புறம் வேணும்னேதான் ஊத்தலை. இந்தச் சனியன் ஒழியட்டும்னு விட்டேன்.

— அக்கா…

— அதுகூடப் பரவாயில்லை. பக்கவாதம் வந்ததுலேர்ந்து அவருக்குப் பேச்சு குழறுது. ஜன்னலோரம் நாற்காலில உக்கார வச்சதும், நல்லா இருக்கற கையை இந்தப் பக்கம் நீட்டி ஒரே வார்த்தை. தண்ணி, தண்ணி. குடிக்கக் கொண்டுபோனா தட்டிவிடுவார். சரி, வேலியைச் சொல்றாருன்னு புரிஞ்சுது. ஊத்திட்டேங்கன்னுடுவேன்.

— ஊத்தாமயே.

— ஊத்தாமயே. இல்லை இல்லைன்னு தலையை ஆட்டுவார். மறுபடியும் அதே வார்த்தை. சொல்லிச் சொல்லி அழுதுடுவார். வாயில்லாத மனுஷனை இப்படி ஏமாத்தறோமேன்னு தோணும். மறுநாளும் அதே பொய்யைத்தான் சொல்லுவேன்.

— தண்ணின்னு தெளிவாவா சொல்றாரு?

— எங்க தெளிவு. ‘த’ன்னு ஆரம்பிப்பார், நடுவுல மூக்கால ஒரு முனகல், கடைசில ஈன்னு ஒரு இழுப்பு.

— சொல்றப்ப அவர் வாயைப் பாத்திருக்கீங்களா?

— பொய் சொல்றவ மூஞ்சியைப் பாக்க முடியுமா? முதுகைக் காட்டிக்கிட்டு, துணியை மடிச்சுக்கிட்டேதான் பதில் சொல்லுவேன்.

— இன்னிக்குக் காலைல இவர் இங்க வந்து நின்னாருக்கா. இலை கொட்டினதுல உங்க ஜன்னல் நேராத் தெரியுது. பெரியவர் கையை நீட்டித் திரும்பத் திரும்ப என்னமோ சொன்னாராம். திட்டறாருன்னு நெனைச்சு, குனிஞ்ச தலை நிமிராம உள்ள வந்தவருதான். இன்னும் போத்திக்கிட்டுப் படுத்திருக்காரு.

— திட்டியிருக்க மாட்டார். தண்ணின்னுதான் சொல்லியிருப்பார். பட்டுப்போன செடிக்கு இன்னும் என்னத்த ஊத்தறது, போ.

— உதடு ரெண்டும் ஒட்டி ஒட்டிப் பிரிஞ்சுதாம்.

— வாய் ஒரு பக்கம் இழுத்துக் கிடக்கு. அதனால இருக்கும்.

— நீங்களே சொல்லிப் பாருங்கக்கா. தண்ணின்னா உதடு ஒட்டாது. தம்பின்னு சொன்னாத்தான் ஒட்டும்.