ஒட்டவைத்த பல்லுக்கு ஒரு பரீட்சை

ராமநாதபுரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு மீனவர்கள். சன்னலோர இளைஞனுக்கு முன்பல் பாதி உடைந்திருந்தது. திடீரென்று அவன், "மச்சான், வாயத் தொற, பாக்கணும்!" என்றான்.

மற்றவர் பெருமையாகத் திறந்தார். "நல்லாப் பாருலே. டாக்டர் ஒட்டிவிட்டு மூணு வருசமாச்சு, இம்மி உதிரல!"

"எது ஒட்டுனதுன்னே தெரியலையே! இன்னைக்கே எனக்கும் ஒட்டிட்டா, அடுத்த வாரம் கல்யாணத்துல வாய்விட்டுச் சிரிப்பேன். வலை பின்னுற நைலான் நரம்பக் கடிச்சு அறுத்தாலும் தாங்குதா?"

"நீ அப்படிக் கடிச்சுத்தானேலே உடைச்ச! நானும் மொதத்தடவை ஒட்டுன மறுநாளே கடிச்சேன், பேந்து கையோட வந்துருச்சு. திரும்ப ஒட்டுனதுலருந்து இதுதான் கடிக்குது."

அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த நகவெட்டியை எடுத்துக் காட்டினார்.

இளைஞன் துள்ளி எழுந்தான். "அப்ப எறங்குனதும் மொதல்ல நகவெட்டி வாங்குறோம், பெறகுதான் டாக்டரு!"