மாதிரி இல்லாத புகார்

— அக்கா! கதவைத் திற! அக்கா!

— வரேன், வரேன். கதவைப் பேத்துடாதே. காலிங் பெல்லை அமுக்க விரல்ல என்ன சுளுக்கா?

— உங்க ஆஸ்பத்திரியில எங்க டைப்பிங் சாப்ட்வேரைத் தூக்கிட்டாங்க. நானூறு கம்ப்யூட்டர்! திங்கட்கிழமையிலிருந்து பழையபடி கம்பெனிக்காரனோடதுதானாம்.

— தெரியும். ரெக்கார்டு பிரிவுக்கு நான்தானே பொறுப்பு. சுற்றறிக்கை என் மேஜைக்குத்தான் முதல்ல வந்தது.

— தெரிஞ்சுமா உக்காந்து காய் நறுக்கிட்டு இருக்கே? பதினோரு வருஷம்க்கா! வேலை முடிஞ்சு வந்து, ஞாயித்துக்கிழமையை எல்லாம் தொலைச்சு, நாங்க நாலு பேர் காசு வாங்காம எழுதிக் கொடுத்தது. எவனும் பூட்டி வைக்க முடியாத பொது பார்மேட். இன்னைக்கு அடிச்ச பைலை உன் பேரன் காலத்துலயும் எதுல வேணா திறக்கலாம். எங்களை நம்பி வந்த முதல் பெரிய இடம் உங்களுது. நீங்க கழண்டுக்கிட்டா மத்தவங்களும் வரிசையா போயிடுவாங்க.

— மூச்சு விடு. தண்ணி குடி.

— தண்ணி வேணாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் அப்பீல் பண்ணலாம். கம்பெனிக்காரன்கிட்ட விலை போனது யாருன்னு மட்டும் சொல்லு.

— யாரும் விலை போகல. ஏன் தூக்கினாங்கன்னு போட்ட அறிக்கையைப் படிச்சியா, இல்லையா?

— படிச்சேன். மருந்துப் பட்டியல் அடுத்த பக்கத்துக்குப் போனா கடைசி வரி மறையுதாம். அந்தப் புகார் எங்களுக்கும் வந்தது. மாதிரி பைல் அனுப்புங்கன்னு கேட்டேன். முப்பது நாள் பாத்தேன், வரல. புகாரை மூடிட்டேன். எங்க வழக்கம் அது. பைல் இல்லாம எதை வச்சுத் திருத்தறது, ஜோசியமா பாக்க முடியும்?

— அதுல நோயாளி பேரு, வியாதி எல்லாம் இருக்கு. உங்க புகார்ப் பக்கத்தை உலகமே பாக்குது. எப்படிப் போடறது?

— பேரை மாத்திட்டுப் போடறது.

— மாத்திப் பாத்தேன். பேரை மாத்தினாலே வரி இடம் மாறி ஒழுங்கா வந்துடுது, தப்பு தெரியல.

— நீ பாத்தியா? அப்போ... அந்தப் புகாரை எழுதினது நீயா?

— நான்தான்.

— ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?

— போட்டேனே. என்னன்னுகூட கேக்காம, "புகார்ப் பக்கத்துல எழுதுக்கா, அக்காவுக்குன்னு தனி வரிசை கிடையாது"ன்னே. ஸ்பீக்கர்ல வேற போட்டு நாலு பேரும் சிரிச்சீங்க.

— சரி, தப்புதான். இன்னைக்கே திருத்தித் தரேன். அதுக்காக ஒரே ஒரு வரிக்குப் பதினோரு வருஷத்தைக் குப்பையில போடுவாங்களா?

— அந்த வரி, ரத்தம் கட்டாம இருக்கப் போடற ஊசி. நர்ஸ் கையில இருந்த தாள்ல அது இல்ல. நாலு நாள் போடல.

— நீங்க யாரும் சரி பாக்கலையா?

— தினமும் நான்தான் ஒத்துப் பாத்து அனுப்புவேன். அந்த நாலு நாள் நான் லீவு.

— அறிக்கையில "ஒரு நோயாளி"ன்னு மட்டும்தான் போட்டிருக்கு. பிழைச்சுட்டாங்க இல்ல?

— இல்ல.

— எப்போ நடந்தது? நான் புகாரை மூடறதுக்கு முன்னாடியா?

— மூடின ஒன்பதாம் நாள்.

— ஐயோ. யாருக்கா அவங்க? வீட்டைக் காட்டு, போய்க் கால்ல விழறேன்.

— எங்கேயும் போக வேணாம். எதனாலன்னு உன்கிட்ட இதுவரைக்கும் சொல்லல. அம்மா படம் உள் ரூம்லதான் மாட்டியிருக்கு.