வாப்பா போட்ட மெட்டு

“இங்கிலீஷ்காரன் எங்க வாப்பாட மெட்டைத் திருடிட்டான் மச்சான்!”

கலேவெலயிலிருந்து மாத்தளைக்கு வந்த பஸ்ஸில், என் முன் சீட்டில் ட்ரம்பெட்டை மடியில் வைத்திருந்த இளைஞன் கத்தினான்.

“எந்த மெட்டு?” என்றான் பக்கத்திலிருந்த நண்பன்.

“கிரிக்கெட் மேட்ச்சுல நம்ம பப்பரே பேண்ட் வாசிக்குமே, வாப்பா போட்டது. நேத்து டீவியில ஒரு யுத்தப் படம். ஹெலிகொப்டர் கிளம்புது, கிட்டார்ல அதே மெட்டு!”

நண்பன் போனில் தேடினான். “சைக்கடெலிக் ரொக் இசையாம். அறுபதுகள்ல வந்த பாட்டு. அப்ப உங்க வாப்பா பொறக்கவே இல்ல.”

ட்ரம்பெட்காரன் போனைப் பிடுங்கி, காதில் வைத்து முழுப் பாட்டையும் கேட்டான்.

“சரி, அவனே போட்டதா இருக்கட்டும். இவ்வளவு மெதுவா வாசிச்சா ஒரு விக்கெட்டாவது விழுமா?”