பின்னூட்டப் பெட்டியில் நான் கற்ற பாடம்

பத்து நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது என்று பாசத்தோடு எச்சரித்துவிட்டு, மேடையில் தலைமை வீற்றிருக்கும் தலைமையாசிரியை அவர்களே, பக்கத்தில் அமர்ந்து இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் கணக்கு ஆசிரியர் அவர்களே, வேலைக்கு விடுப்புச் சொல்லி வந்திருக்கும் தாய்மார்களே, தந்தையரே, வயதில் மூத்த பெரியோர்களே, கடைசி வரிசையைக் கைப்பற்றியிருக்கும் என் ஒன்பதாம் வகுப்புச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இந்த ஆண்டு என் வகுப்பில் மட்டும் சோதித்துப் பார்த்த வலைப்பூ, அடுத்த ஆண்டு முதல் எல்லா வகுப்புகளுக்கும் வரப்போகிறது. வீட்டுப்பாடத்தைப் பிள்ளைகள் அதில் எழுதுவார்கள். வகுப்பும் குடும்பங்களும் படிக்கும். கீழே இருக்கும் பெட்டியில் பின்னூட்டம் இடும். அதன் பெருமையைப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். நான் பேசப்போவதோ என் பிழையை.

எங்கள் வகுப்பில் ஒரு மாணவி இருக்கிறாள். பேசமாட்டாள். பாடம் கேட்டாலும் புன்னகை, பெயர் கேட்டாலும் புன்னகை. பிள்ளைகள் அவளுக்கு ‘மியூட்’ என்று பட்டமே கட்டிவிட்டார்கள். ஆனால் வலைப்பூ தொடங்கிய வாரம் என்ன நடந்தது? வாயில் வராத வார்த்தையெல்லாம் விரலில் வந்தது. எல்லோரும் அரைப்பக்கம் எழுதினால் அவள் இரண்டு பக்கம் எழுதினாள். பேசாத பிள்ளைக்கு ஒரு குரல் கிடைத்தது. அந்தக் குரலை அடைக்கப் பார்த்தது யார்? வேறு யாருமில்லை, நான்தான்.

‘வீட்டில் ஒருவர் செய்யும் வேலையைக் கூர்ந்து பார்த்து எழுதுக’ என்று ஒரு பயிற்சி கொடுத்தேன். அவள் அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறார். நீராவியின் வெப்பத்தை எழுதினாள், ஈரத்தின் எடையை எழுதினாள். ‘ஒரு படுக்கை விரிப்பைத் தனியாக மடிக்க என் அம்மாவுக்குப் பதினைந்து நொடி’ என்றும் எழுதினாள்.

நான் நம்பவில்லை. எப்படி நம்புவேன்? என் வீட்டில் நானும் கணவரும் ஆளுக்கொரு முனை பிடித்தாலும் மூன்று நிமிடமும் ஒரு சண்டையும் ஆகும். (சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது.) இருபது ஆண்டுகளாகச் சிவப்பு மை பிடித்த கை, பழக்க தோஷத்தில் பெட்டியில் தட்டிவிட்டது: ‘மிகைப்படுத்தல். அலட்சியம். திருத்தி எழுது.’

நோட்டின் ஓரத்தில் எழுதினால் அதை இரண்டு பேர் படிப்பார்கள். வலைப்பூவில் எழுதினால்? மறுநாள் மதியம் அவள் அம்மா ஆசிரியர் அறைக்கு வந்து நின்றார். கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“டீச்சர், சாப்பாட்டு நேரத்துல, என்கூட வேலை பாக்குற எட்டு பேருக்கும் என் பொண்ணு எழுதுனதைக் காட்டினேன். அவங்களே சத்தமா படிச்சாங்க. கடைசியில நீங்க எழுதினதையும் சேர்த்துப் படிச்சிட்டாங்க.”

நான் வாய் திறப்பதற்குள் பையிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து உதறினார். “சார், மணி பாருங்க” என்றார். பக்கத்து மேசையில் இருந்த நம் கணக்கு ஆசிரியர் கைப்பேசியை எடுத்தார். ஒரு வீச்சு, ஒரு இழுப்பு, மடிப்பின் மேல் மடிப்பு. மேசையில் புத்தகம் போல உட்கார்ந்தது விரிப்பு.

“பதினாலு நொடி” என்றார் கணக்கு ஆசிரியர்.

“உங்க மேசை கொஞ்சம் தாழ்வு. இல்லன்னா இன்னும் குறையும்” என்றார் அந்தத் தாய். “அது கிடக்கட்டும் டீச்சர். அவ இனிமே எழுதமாட்டேங்குறா. அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?”

என்ன செய்வேன்? அவளை அழைத்து, “அதை அழிச்சிடுறேன்மா, யார் கண்ணுலயும் படாது” என்றேன். இந்த ஆண்டில் முதன்முறையாக அவள் வாய் திறந்தாள்.

“அழிக்காதீங்க மிஸ். படிச்சவங்க எல்லாம் நான் பொய் சொன்னேன்னு நினைச்சுட்டுப் போயிட்டாங்க. அழிச்சா அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

எத்தனை நேர்மையான கேள்வி. எங்கே காயப்படுத்தினேனோ அங்கேயே மருந்திட வேண்டும் அல்லவா? என் பின்னூட்டத்தின் கீழேயே எழுதினேன்: ‘நான் அவசரப்பட்டிருக்கலாம். வருந்துகிறேன்.’ பெருந்தன்மையின் சிகரத்தில் நிற்பதாக எனக்கு நினைப்பு. ஒரு நாள் போனது. இரண்டு நாள் போனது. நான்காம் நாள் அவள் பதில் வந்தது:

‘மிஸ், அம்மா மடித்ததை நேரில் பார்த்தீர்கள். சார் நேரமும் பார்த்தார். பிறகு எதற்கு “இருக்கலாம்”?’

அவைக்கு நான் உண்மை சொல்ல வேண்டும். முதலில் முகம் சுருங்கியது. பிறகு சிரித்தேன். யோசித்துப் பார்த்தால், மன்னிப்பு கேட்கும்போதுகூட ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறேன், தப்பித்துப் போக. அந்தக் கதவைப் பதினான்கு வயதுப் பெண் பார்த்துவிட்டாள். மறுபடி எழுதினேன்: ‘நான் கேட்காமலே தீர்ப்பு சொன்னேன். அது தவறு. நீ எழுதியது சரி.’ வகுப்பே வந்து பின்னூட்டம் இட்டது. ஒருவன் எனக்குப் பத்துக்கு ஏழு மதிப்பெண் கொடுத்தான். இன்னொருத்தி, ‘முயற்சி நன்று, தொடர்க’ என்று நான் வழக்கமாக எழுதுவதையே எனக்கு எழுதினாள்.

அந்த வாரமே அவள் மீண்டும் எழுதினாள், ஒரு நிபந்தனையோடு: ஐயம் வந்தால் முதலில் கேள்வி கேட்க வேண்டும், பதில் வந்த பிறகுதான் கருத்துச் சொல்ல வேண்டும். இன்று எங்கள் வகுப்பின் விதி அதுதான். எனக்கும் சேர்த்து.

பெற்றோர்களே, நாளை உங்கள் கையிலும் அந்தப் பெட்டி இருக்கும். உங்கள் பிள்ளை எழுதுவதைப் படியுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை எழுதுவதையும் படியுங்கள். பாராட்ட வேண்டுமா, உடனே பாராட்டுங்கள். குறை தெரிகிறதா, முதலில் கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். காத்திருப்பது கடினம்தான், எனக்கும் கடினம்தான். நேற்று அவள் புதிதாக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாள். அதில் ஓர் இடம் எனக்குப் புரியவில்லை. கேள்வி கேட்டிருக்கிறேன். இந்த மேடையில் ஏறும் முன்பு வரை பதில் இல்லை. கடைசி வரிசையில் அமர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். நானும் பொறுமையாக இருக்கிறேன்.

என்னைத் திருத்திய அந்த விரல்களுக்கும், அவளுக்காக வந்து நின்ற அந்தத் தாய்க்கும், பத்து நிமிடத்தைத் தாண்டிய பிறகும் மணியடிக்காத தலைமைக்கும், சிரித்துக் கேட்ட உங்கள் அத்தனை பேருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.