மழையின் மேல் போட்ட பழி

மாலைகளின் கனத்தால் கழுத்தை நிமிர்த்த முடியாமல் தலைமை தாங்கிக்கொண்டிருக்கும் ஊராட்சித் தலைவர் பச்சையப்பன் அவர்களே, விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளையைப் போல் வெட்கத்தோடு வீற்றிருக்கும் தொழிற்சாலை மேலாளர் வெங்கடேசன் அவர்களே, கும்மிடிப்பூண்டிப் புகையையே குடித்துப் பழகிய பெரியோர்களே, பிரியாணிப் பொட்டலம் எப்போது வரும் என்று பொறுமையோடு காத்திருக்கும் தாய்மார்களே, பழவேற்காட்டில் இறால் வாங்கி விற்கும் இந்த அப்துல் ரவூபின் வணக்கமும் ஸலாமும்.

மழைநீர்க் கால்வாய்த் திறப்பு விழாவில் வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். வாழ்த்தாமல் போவேனா? என்ன கால்வாய், என்ன கட்டுமானம்! இருபுறமும் சிமெண்டு, மேலே மூடி, மூடிமேல் பூந்தொட்டி. முன்பெல்லாம் உள்ளே ஓடுவது கண்ணுக்குத் தெரியும். இனி அந்தத் தொல்லை இல்லை. தொழிற்சாலைப் பக்கக் கோடியில் ஒரு ஷட்டர், ஷட்டருக்கு ஒரு சக்கரம், சக்கரத்துக்குச் சந்தனம், குங்குமம். நான் பேசி முடித்ததும் தலைவர் அதைத் திருப்புவார், ஷட்டருக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர் பழவேற்காடு ஏரிக்குப் போய்விடும்.

தேங்கியிருப்பது என்ன தண்ணீர்? மேலாளரைக் கேளுங்கள், மழைநீர் என்பார். தொழிற்சாலை முற்றத்தில் கொட்டிக் கிடக்கும் இரும்புத்தூளையும் எண்ணெய்ப் பீப்பாய்களையும் கழுவிக்கொண்டு வருகிறதே? மழைநீர். கோடையெல்லாம் தொட்டியில் சேர்த்த கழிவை முதல் மழையன்று அதில் கலந்து விடுகிறார்களே? மழைநீர். சிவப்பாக வந்தால்? மழைநீர். நுரைத்து வந்தால்? மழைநீர். நாறினால்? என்னம்மா, சத்தமாகச் சொல்லுங்கள். ஆம், அதுவும் மழைநீர்தான்.

சோதனை செய்ய அதிகாரிகள் வரவில்லையா என்று அந்தத் தம்பி கேட்கிறார். வந்தார்களே! சித்திரை மாதம் வந்தார்கள். கால்வாய் காய்ந்து கிடந்தது. தண்ணீரே இல்லை, அதனால் மாசும் இல்லை என்று எழுதிக்கொண்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. இறால் கூடும் இடத்தில் இன்று ஒருவர் வலை, நாளை இன்னொருவர் வலை. தன் நாளைத் தவறவிட்டவர், மற்ற எல்லோரும் வலைபோட்டு முடித்துத் தன் முறை சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். அழுதாலும் மாறாது, அண்ணன் தம்பி என்றாலும் மாறாது.

போன ஐப்பசியில் மீனவர் தணிகாசலத்தின் பாடும் முதல் மழையும் ஒரே நாளில் வந்தன. மழைக்கு இறால் துள்ளும் என்று மனிதர் மகிழ்ந்து போனார். மனைவி மணியம்மாள் கூடையோடு கரையில் நின்றார். வலையில் வந்ததெல்லாம் செத்த இறால், மண்ணெண்ணெய் வாடை. என்னால் ஒன்றைக்கூட வாங்க முடியவில்லை. 

இருவரும் இந்தத் தொழிற்சாலை வாசலுக்கு வந்தார்கள். "இன்னா சார், உங்க தண்ணி வந்து எறாலெல்லாம் செத்து மெதக்குது" என்றார் தணிகாசலம். "மய பெஞ்சா தண்ணி வரத்தான் செய்யும். மேல இருக்கறவராண்ட போய்க் கேளு" என்றார் சூப்பர்வைசர். மணியம்மாள் விடவில்லை. "மேல இருக்கறவரு எண்ணெயக் கலந்துகினா மய உடறாரு? பேஜாரு பண்ணாத நைனா, உங்க மேனேஜரக் கூப்டு" என்றார். யாரும் வரவில்லை. மறுநாள் பாடு வேறொருவருக்குப் போய்விட்டது. அந்த மழைக்காலம் முழுக்க அக்கம்பக்கத்தார் கொடுத்த மீனில்தான் அவர்கள் வீட்டில் குழம்பு கொதித்தது.

நாளை மறுபடியும் தணிகாசலத்தின் பாடு. இன்று நீங்கள் சக்கரத்தைத் திருப்பப் போகிறீர்கள். இதற்கா விழா? இதற்கா மாலை? இதற்கா மேளம்? தலைவர் அவர்களே, ரிப்பனை வெட்டுங்கள், கை வலிக்கத் தட்டுகிறோம். அந்தச் சக்கரத்தை மட்டும் தொடாதீர்கள்.

மீனவர்கள் யாரும் விழாவுக்கு வரவில்லையே என்று மேலாளர் சற்றுமுன் வருத்தப்பட்டார். வந்திருக்கிறார்கள் ஐயா. தணிகாசலமும் மணியம்மாளும் அவர்கள் ஊர் மொத்தமும் ஷட்டருக்கு நேர் கீழே, கால்வாய்க்குள், மூடிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். கைக்குழந்தைகளும் இருக்கின்றன. மழைநீர்தானே, தாராளமாகத் திறந்து விடுங்கள், நனைந்துவிட்டுப் போகட்டும்.

என்ன மேலாளரே, எழுந்துவிட்டீர்கள்? செல்போனில் யாருக்கு அவசரம், ஷட்டர் பக்கத்தில் நிற்கும் ஆளுக்கா? மைக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறீர்கள், எல்லோருக்கும் கேட்கிறது. "தொறக்காத, தொறக்காத, கொழந்தைங்க மேல பட்டா வெந்துடும்" என்கிறீர்கள்.

கேட்டுக்கொண்டீர்களா தாய்மார்களே? இதற்குமேல் நான் பேச ஒன்றுமில்லை. உட்கார்ந்து கேட்ட உங்களுக்கு நன்றி, கால்வாய்க்குள் காத்திருப்பவர்களுக்கு என் வணக்கம். நானும் அங்கேதான் போகிறேன்.