கருஞ்சிறகு ஐந்து, காலை ஏழு மணிக் காட்சி

இந்த அறையில் ஏசி கொஞ்சம் அதிகம், சார். புரொஜெக்டருக்காகப் போட்டிருப்பது. எனக்காக என்றால் எங்கள் ஓனர் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போயிருப்பார். வேண்டுமானால் இந்தத் துண்டைப் போர்த்திக்கொள்ளுங்கள், துவைத்ததுதான்.

விநியோகஸ்தர் ஆபீசிலிருந்து ஒருவர் விசாரிக்க வருகிறார் என்றதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பெயர் சிவநாதன், ஆபரேட்டர் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நான் செய்ததற்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என்னைப் பொல்லாதவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

'கருஞ்சிறகு' நான்காம் பாகம் முடிந்து வெளியே வந்த கூட்டத்தை நான் பார்த்தேன். ரசிகர் மன்றத் துணைத் தலைவர் மணிபாரதி எதிர் டீக்கடையில் நின்று, "இன்னொண்ணு எடுத்தானுங்கன்னா இந்தப் பக்கம் தலவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்டா" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். ஐந்தாம் பாகம் அறிவித்த மறுநாள் தியேட்டர் வாசலில் முதல் பேனர் அவனுடையது. அதில் ஹீரோவைவிட அவன் முகம் பெரிது. இன்னும் ஆறு இருக்கிறது, ஏழு இருக்கிறது. அப்புறம் முதல் பாகத்தையே வேறு ஹீரோவை வைத்து மறுபடி எடுக்கப் போகிறார்களாம். அதற்கும் இவர்கள் திட்டிக்கொண்டே வருவார்கள். பசியில்லாமல் பந்தியில் வந்து உட்காருகிறவர்களைப் பார்த்தால் பரிமாறுகிறவனுக்குக் கோபம் வருமா, வராதா?

எனக்கு வந்தது. அதனால் ஒரு சோதனை வைத்தேன்.

போன மாதம் மூன்றாம் பாகத்தை ரீ-ரிலீஸ் செய்தோம் அல்லவா? அது இன்னும் சர்வரில் இருந்தது. அதைத் திறக்கும் டிஜிட்டல் சாவிக்கும் இன்னும் பத்து நாள் ஆயுள் இருந்தது. பட்டியலில் இரண்டும் மேலும் கீழுமாக இருந்தன. ரிலீஸ் அன்று காலை ஏழு மணிக்கு நான் ஐந்தை விட்டுவிட்டு மூன்றைத் தட்டிவிட்டேன். யாராவது ஒரே ஒருவன் மேலே வந்து, இது பழைய படம் என்று சொன்னால், உடனே மன்னிப்புக் கேட்டுப் புதுப் படத்தைப் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். நியாயமான சோதனைதானே?

அந்தக் காட்சியின் கூட்டம் உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டுப் பக்கம் ஒன்பது மணிக்குத்தான் முதல் காட்சி, நம்முடையது யூனியன் பிரதேசம் என்பதால் நமக்கு ஏழு. அந்த இரண்டு மணி நேரத்துக்காக விடியும்போதே எல்லையிலுள்ள பூவம் தாண்டி வேன் வேனாக வந்து இறங்கியிருந்தார்கள். இந்தச் சின்ன ஜன்னல் வழியாகப் படத்தின் தொடக்கத்தைப் பார்த்தேன். எரிகிற படகிலிருந்து ஹீரோ எழுந்து நிற்கிறான். மூன்றாம் பாகத்தின் ஆரம்பம். சரிதான் என்று உட்கார்ந்துவிட்டேன். கீழே காகிதம் பறந்தது, விசில் பறந்தது, வசனம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. யாரும் வரவில்லை.

நாற்பதாவது நிமிடத்தில் முத்தமிழ் வந்தான்.

முத்தமிழ் மன்றத் தலைவன். கீழவாஞ்சூர்த் துறைமுகத்தில் எடைமேடை கிளார்க். பன்னிரண்டு வருஷமாகத் தலைவன், ஒருவரிடமும் கெட்ட பெயர் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு இந்தக் கதவைப் பிடித்தபடி நின்றான்.

"அண்ணே, இது மூணாவது பாகம்ண்ணே. அந்தப் படகு, அந்த அம்மா சாபம் உடுறது, எல்லாம் அதேதான். இருவத்திரெண்டு தடவ பாத்தவன் சொல்றேன். படத்த மாத்திப் போட்டுட்டீங்க."

நான் காத்திருந்த ஆள் இவன்தான். கட்டிப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் நாற்பது நிமிடம்தான் ஆகியிருந்தது, சார். இன்டர்வெல் வரைக்குமாவது போகட்டுமே என்று ஓர் ஆசை. "அஞ்சாவதுதான் தம்பி ஓடுது. போய் உக்காந்து பாருங்க" என்றேன்.

அவன் உட்காரவில்லை. திரைக்கு முன்னால் ஏறி நின்று, "ஏமாத்துறாங்கடா, இது பழைய படம்டா" என்று கத்தினான். மணிபாரதி மேலே பார்த்து, "ஆபரேட்டரண்ணே, என்ன படம் ஓடுது?" என்று கேட்டான். நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன். அதற்கு ஒரு விசில் வந்தது. பிறகு முத்தமிழைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே போட்டார்கள். எதிரி நடிகரின் மன்றத்தில் சேர்ந்துவிட்டான் என்று சிலர் சொன்னார்கள். மூளை கலங்கிவிட்டது என்று சிலர் சொன்னார்கள்.

பதினொரு மணிக் காட்சிக்கு நல்லபடியாக ஐந்தாம் பாகத்தைப் போட்டுவிட்டேன். நான் அயோக்கியன் இல்லை. அதற்கும் முத்தமிழ் டிக்கெட் எடுத்து வந்தான். கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்து முழுசும் பார்த்தான். முடிந்ததும் வாசலில் நின்று எல்லாரிடமும் கையெடுத்துக் கும்பிட்டான்.

"இப்பத்தான் ஒழுங்காப் பாத்தேன். புதுப் படந்தான். எனக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சு. மன்னிச்சுக்குங்க."

அன்றைக்கே மணிபாரதி தலைவரானான்.

பத்து நாள் கழித்து முத்தமிழின் மனைவி அல்லி இங்கே வந்தாள். அவன் வேலைக்குப் போவதில்லையாம். எடைமேடையில் நம்பரைப் படித்துவிட்டு, சரியா, சரியா என்று லாரிக்காரனிடமே திரும்பத் திரும்பக் கேட்கிறானாம். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். அம்பகரத்தூர் காளிக்கு வேண்டிக்கொண்டு கயிறும் கட்டிவிட்டிருக்கிறாள்.

"அண்ணே, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. அன்னிக்கு அவரு சொன்னதுல கொஞ்சமாச்சும் நெசம் இருந்துச்சா? இருந்துச்சுன்னா அவரு எந்திரிச்சிருவாருண்ணே."

"இல்லம்மா," என்றேன்.

அழுதுகொண்டே எனக்கும் காளி கோயில் குங்குமத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தக் குங்குமம் இன்னும் இந்த டிராயரில்தான் இருக்கிறது. வைத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை, எறியவும் மனசு வரவில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் என் சோதனையில் ஒருவன் பாஸாகிவிட்டான் என்று ஆகிவிடும். நானூறு பேரும் குருடர்கள் என்று சொல்வதில் இருக்கிற சுகம், முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் என்று சொல்வதில் இல்லை.

இருந்தாலும் அவள் முகம் என்னை விடவில்லை. அதனால்தான் சொல்கிறேன். முத்தமிழ் சொன்னது முழுக்க உண்மை. ஏழு மணிக்கு ஓடியது மூன்றாம் பாகம்தான். தெரிந்தே ஓட்டியவன் நான். தெரிந்தே அவனைப் பைத்தியமாக்கியவனும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதை அல்லியிடம் காட்டினால் அவன் எழுந்துவிடுவான்.

எதற்கு சார் லேப்டாப்பைத் திருப்புகிறீர்கள்?

எங்கள் சர்வரின் பதிவா இது? காலை ஏழு மணி, ஐந்தாம் பாகம். பதினொரு மணி, மூன்றாம் பாகம். அப்படியானால் இரண்டு தடவையும் நான் மாற்றித் தட்டிவிட்டேன் என்கிறீர்களா? நீங்கள் வந்ததே பதினொரு மணிக் காட்சியைப் பற்றிக் கேட்கத்தானா?

ஐந்தாம் பாகமும் எரிகிற படகில்தான் ஆரம்பிக்கிறதா? சாபம் விடுகிற அம்மாவும் அதில் உண்டா?

இல்லை, சார். உங்கள் கம்ப்யூட்டர் தப்பு. அதில் அப்படி இருந்தால் முத்தமிழ் சொன்னது தப்பு, நான் அல்லியிடம் சொன்னது உண்மை என்று ஆகிவிடுமே. அப்புறம் இந்தக் காகிதத்தை அவளிடம் எப்படிக் காட்டுவது? மற்றதை எப்படி வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளுங்கள். அன்றைக்கு இந்தத் தியேட்டரில் எது எந்தப் படம் என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். அதை மட்டும் மாற்றாமல் எழுதிவிடுங்கள்.